வீட்டு முடி

இந்தப் பை என் மடியிலயே இருக்கட்டும்மா. மேல வெக்க வேணாம். நீ நல்லதுக்குத்தான் சொல்றே, ஆனா மேல வெச்ச பை எறங்கறப்ப நம்ம பையாவே இருக்கும்னு என்ன நிச்சயம்? உன்னைச் சொல்லல, பொதுவாச் சொன்னேன். தொட்டியம் பஸ்ஸுல பாதிப் பேரு மடியில மஞ்சப்பைதான். எவ எதை எடுத்துக்கிட்டு எறங்குவான்னு யாரு கண்டா.

ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்கக் கூடாது. அந்தச் சடை உன்னோடதுதானா? முழுசும்? சரி, சரி. கோவப்படாத. கேட்டுத் தெரிஞ்சிக்கறதுல என்ன இருக்கு. எனக்குச் சவுரின்னா பத்தடி தள்ளி நின்னாலும் தெரிஞ்சிரும். சொந்த முடின்னா கீழ வர வர மெலியும். உன்னுது மெலிஞ்சிருக்கு, நம்பறேன். சவுரி வெச்சது நுனி வரைக்கும் ஒரே கனமா இருக்கும். அப்புறம் சவுரி வெச்சவ பஸ்ஸ விட்டு எறங்கினதும் மொதல்ல பின்னங்கழுத்தைத்தான் தொட்டுப் பாப்பா. பர்ஸு இருக்கா, புள்ள இருக்கான்னு அதுக்கப்புறந்தான் பாப்பா. கவனிச்சிருக்கியா? நான் கவனிச்சிருக்கேன்.

என் தலையைப் பாக்காத. தலைக்கு ஊத்திக்கிட்டு அவசரமாக் கெளம்பினேன், அதான் இப்படிக் கோலிக்குண்டு கணக்கா ஒரு கொண்டை. எப்பவும் எனக்கு இடுப்பு வரைக்கும் சடை தொங்கும். எங்க தெருவுல வந்து இந்திராணின்னு வேணா கேட்டுப் பாரு.

உன் சடையைப் பாத்ததும் எனக்கு எங்க நவநீதம் ஞாபகம் வந்துருச்சு. என் வீட்டுக்காரரோட அண்ணன் பொண்டாட்டி. எனக்கு ஓரகத்தி. நான் அக்கான்னுதான் கூப்பிடுவேன், மரியாதையில ஒரு கொறை வெச்சதில்ல. ஒரே வீட்டை நடுவுல செவுரு வெச்சு ரெண்டாப் பிரிச்சிருக்கோம். முத்தம் பொது, துவைக்கிற கல்லு பொது, மொட்டமாடி பொது. அண்ணன் தம்பி ரெண்டு பேரும் சேந்து வாழத்தாரு யாவாரம். நான் அந்த வீட்டுக்குக் கல்யாணமாகி வந்த அன்னிக்கு, என்னைப் பாக்க வந்த சனம் பூராவும் அவ தலையைப் பாத்துட்டுப் போச்சு. ஆலாத்தி எடுக்கக் குனியறா, சடை முன்னால வந்து தட்டுல விழுவுது. "அடியாத்தா, எம்மாம் முடி"ன்னு பொம்பளைங்க வாயப் பொளக்குறாங்க. பொண்ணு நான் நிக்கிறேன், மாலையும் கழுத்துமா. எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லு.

அன்னிக்கே எனக்குத் தோணிருச்சு, இது நெசமா இருக்காதுன்னு.

எப்படிம்மா இருக்கும்? ரெண்டு புள்ள பெத்தவ. சின்னவ அபிநயா பொறந்த கையோட டைஃபாய்டு வேற வந்திருக்கு. டைஃபாய்டு வந்தா முடி நிக்குமா? எனக்குக் கல்யாணத்துக்கு முந்தி மஞ்சக்காமாலை வந்துச்சு, வாரினா சீப்போட வந்துச்சு. எனக்கும் ஆதியில அடர்த்திதான். அது இருக்கட்டும்.

அவ தலைக்கு ஊத்திக்கறதை நான் பாத்ததே இல்ல. வெள்ளிக்கெழமையானா குளிக்கிற ரூம்புக்குள்ள போயி கதவைச் சாத்திக்குவா. குளிக்கிறப்ப கதவைச் சாத்தாம என்ன பண்ணுவாங்கன்னு கேக்குறியா? நீ யாரு பக்கம்? சரி, குளிச்சிட்டு மாடிக்குப் போயி காய வெப்பால்ல, நான் வத்தல் எடுக்கற சாக்குல மேல போனா போதும், அள்ளி முடிஞ்சிக்கிட்டு எறங்கிருவா. ஒரு தடவ ரெண்டு தடவ இல்ல. நான் படியேறற சத்தம் கேட்டாலே முடிஞ்சிக்குவா. ஒளிக்க ஒண்ணும் இல்லாதவ எதுக்கு என்னைக் கண்டதும் முடிஞ்சிக்கணும்?

இதைவிடப் பெரிய சங்கதி ஒண்ணு இருக்கு. தலை வாரினதும் சீப்புல வர்ற முடியை நாமெல்லாம் என்ன பண்ணுவோம்? சுருட்டி, தூன்னு ஒரு துப்பு துப்பி, வெளிய போடுவோம். இல்லேன்னா முடிக்கு ஊசி, கிளிப்பு, டப்பான்னு குடுக்கறவன் வருவான்ல, அவன்கிட்ட போடுவோம். அவ ரெண்டும் பண்ண மாட்டா. வெரல்ல சுத்தி, சிக்கெடுத்து, ஒரு பழைய பிஸ்கட்டு டின்னுல போட்டு மூடி வெப்பா. தெனமும். நான் ஜன்னல் வழியாப் பாத்திருக்கேன். சொந்த முடி உள்ளவளுக்கு உதிந்த முடி எதுக்கு? சவுரி கட்டத்தானே? கணக்கு சரியா வருதா இல்லையா?

நேராவே கேட்டேன். "எதுக்குக்கா இதைப் போயி சேக்கறீங்க?"

"சும்மாதான் இந்திராணி. வீடெல்லாம் பறந்துக்கிட்டுக் கெடக்கும்ல." சொல்லிட்டு ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பு இருக்கே, அதுதான் எனக்கு ஆகாது. சண்டைக்கு வந்தா நானும் ரெண்டு வார்த்தை பேசலாம். சிரிக்கிறவகிட்ட என்னத்தைப் பேசறது.

ஒரு தடவ சோதிச்சும் பாத்துட்டேன். எங்க சின்ன மாமா வீட்டு வளைகாப்புல, "இருங்கக்கா, நான் பூ வெச்சு விடறேன்"னு பின்னால போயி, சடையைப் புடிச்சு ஒரு இழு இழுத்தேன். சும்மா பூ ஊசி குத்தற மாதிரித்தான். "அம்மா"ன்னு கத்திட்டா, கண்ணுல தண்ணி. சடை கையோட வரல. நல்லா இறுக்கிக் கட்டியிருக்கான்னு நெனச்சிக்கிட்டேன்.

டிக்கெட்டா? எடுத்தாச்சுண்ணே. இந்தா பாருங்க. ரெண்டாவது தடவையாக் கேக்குறாரு இந்தக் கண்டக்டரு, நம்ம மூஞ்சியில என்ன எழுதியிருக்குன்னு தெரியல.

சரி, உன்கிட்ட மறைக்க என்ன இருக்கு, நான் பாதியில எறங்கறவ, நீ தொட்டியம் போறவ. நானும் சவுரி வெக்கறவதான். ஆனா அது ஏமாத்து இல்ல. கொஞ்சம் கூட்டிக்கறது. அது வேற. கல்யாணமான புதுசுல ஒரு நாள் எங்க மாமியா என்னை உள்ள கூப்பிட்டு, "இந்தா, வெச்சுப் பின்னிக்க. யாருகிட்டயும் பேசிக்கிட்டு நிக்காத"ன்னு கையில குடுத்துச்சு. மூணு புரி, தலைப்புல கறுப்பு நூலு சுத்தி, அவ்வளவு சுத்தமாக் கட்டினது. என் முடி நெறத்துக்கு அது ஒட்டல. என்னுது கன்னங்கரேல்னு இருக்கும், அது லேசாச் செம்பட்டை ஓடி, நுனியில ஒரு வளைவு. பின்னிட்டா யாருக்கும் தெரியாது. அந்தம்மா வாயிலருந்து எனக்கு நல்ல வார்த்தை வந்ததில்ல, எனக்குன்னு செஞ்சது அது ஒண்ணுதான். பழசு தேய்ஞ்சா புதுசு ஒண்ணு குடுக்கும்.

அந்தம்மா போய்ச் சேந்த பெறகு கூட ஒண்ணு வந்துச்சு. நவநீதந்தான் கொண்டாந்து குடுத்தா. "அத்தை உனக்குன்னு எடுத்து வெச்சிருந்தாங்க இந்திராணி, பெட்டியில இருந்துச்சு"ன்னா. அந்தப் பெட்டியைக் காரியத்தன்னிக்கே நான் தொறந்து பாத்துட்டேன். சும்மா ஒரு பார்வைதான். அப்ப அதுல சவுரி கெவுரி எதுவும் இல்ல. எனக்கு ஒடனே சந்தேகம் வந்துருச்சு. அப்படின்னா எனக்கு முன்னாடியே இவ பெட்டியைத் தொறந்திருக்கா, வேற என்னென்ன இருந்துச்சு, இவ எதை எடுத்துக்கிட்டான்னு. அந்த வருஷம் பூரா எனக்கு அதே நெனப்பு.

இப்படியே போயிருக்கும். போன பங்குனியில எங்க மூத்தாரு, அதான் நவநீதம் வீட்டுக்காரரு, லாரியில தாரு ஏத்திக்கிட்டு இருந்தவரு நெஞ்சைப் புடிச்சிக்கிட்டு உக்காந்துட்டாரு. திருச்சிக்குத் தூக்கிட்டு ஓடுனோம். சாயங்காலம் வரைக்கும் ஒண்ணும் சொல்ல முடியாதுன்னுட்டாரு டாக்டரு. கண்ணாடிக் கதவுக்கு வெளிய எல்லாரும் நிக்கிறோம். ஆளாளுக்கு ஒண்ணு வேண்டிக்கறாங்க. என் வீட்டுக்காரரு கெடா வெட்டறேன்னாரு. நவநீதத்தோட தங்கச்சி தீச்சட்டி எடுக்கறேன்னா. நவநீதம் மட்டும் ஒண்ணும் வேண்டிக்காம செவுத்துல சாஞ்சு நிக்கிறா, சடை தோள் வழியா முன்னால தொங்குது.

நான் கும்பிட்டுச் சொன்னேன். "ஆத்தா செல்லாண்டி, எங்க மூத்தாரு நடந்து வீடு வந்து சேந்தா, எங்கக்கா முழு முடியும் உனக்கு எறக்குவா."

எங்க பக்கம் பொம்பளைங்க முழு மொட்டை போடறது கம்மி. பூமுடிதான். நுனியில மூணு வெரக்கடை கத்திரிச்சுக் குடுத்தா ஆத்தா ஒத்துக்குவா. எனக்கு என்னமோ வாயில முழு முடின்னு வந்துருச்சு. நானா யோசிச்சுச் சொல்லல. கொஞ்சம் யோசிச்சேன். எல்லாரும் கண்ணை மூடிக் கும்பிடறாங்க, நான் அவ மூஞ்சியவே பாக்குறேன். ஒட்டு முடியா இருந்தா மூஞ்சி வெளுக்கணுமா இல்லையா? அவ என்னை நிமிந்து பாத்தா. கையக் கூப்பிக்கிட்டு, "ஆமா ஆத்தா"ன்னா. அவ்வளவுதான். ஒரு நொடி யோசிக்கல. இவ்வளவு லேசா ஒத்துக்கறவ பின்னால ஏதோ வழி வெச்சிருக்கான்னு எனக்குத் தோணுச்சு.

மூத்தாரு பொழைச்சிட்டாரு. ஆத்தா புண்ணியம். நல்ல மனுசன், எனக்கும் சந்தோசந்தான், இல்லேன்னா சொல்லுவேனா. சித்திரை போச்சு, வைகாசி போச்சு. இப்ப நழுவுவா, அப்ப நழுவுவான்னு பாத்துக்கிட்டே இருக்கேன். அதுக்குள்ள அபிநயாவுக்கு வரன் அமைஞ்சு, ஆவணியில நிச்சயம்னு முடிவாயிருச்சு. சொந்தமெல்லாம் பேச ஆரம்பிச்சிட்டாங்க. புருஷன் கல்லாட்டம் இருக்கறப்ப மொட்டைத் தலையோட சபையில நிக்கிறதா, பூமுடி போதாதான்னு.

எங்க கோயில்ல ஒரு மொறை உண்டு. வேண்டுதலை மாத்தணும்னா வேண்டின வாய்தான் மாத்தணும். சந்நிதியில நின்னு, "தெரியாமச் சொல்லிட்டேன் ஆத்தா, இதை ஏத்துக்க"ன்னு வெள்ளியில சின்னதா ஒரு சடை அடிச்சுப் போடணும். மூத்தாரு வெள்ளிச் சடை வாங்கியே வந்துட்டாரு. "அம்மாடி, நீ ஒரு வார்த்தை சொன்னாப் போதும்"னு என்கிட்ட நீட்டறாரு, நடக்கவே மூச்சு வாங்குது மனுசனுக்கு. அபிநயா வந்து என் கையப் புடிச்சிக்கிட்டு அழுவுறா. "சித்தி, நிச்சயத்தன்னிக்கு மாப்பிள்ளையோட அம்மா எங்கம்மாவுக்குப் பூ வெக்கணும். எங்க வெப்பாங்க?"

"சாமி காரியத்துல வெளையாடக் கூடாது கண்ணு"ன்னுட்டேன். வேற என்ன சொல்றது? நவநீதம் வரட்டும்னு பாத்தேன்மா. அவ வந்து, "இந்திராணி, இது என் முடி இல்ல, மானத்தைக் காப்பாத்து"ன்னு ஒரு வார்த்தை காதோட சொல்லியிருந்தா நானே ஓடிப்போயி மாத்தியிருப்பேன். சத்தியமா. அவ வரவே இல்லியே.

ஆனிக் கடைசியில கோயிலுக்குப் போனோம். ஆத்தங்கரைக் கோயில். வேண்டினவதான் முடியை மடியில வாங்கி ஆத்துல விடணும், அதனால நான் அவளுக்குப் பின்னாலயே முந்தானையை விரிச்சு உக்காந்தேன். எனக்கும் அதான் வேணும். அவளே சடையைப் பிரிச்சா. நான் நூலைத் தேடறேன், முடிச்சைத் தேடறேன். அலை அலையாப் பிரிஞ்சு தரையில கெடக்கு, நூலும் இல்ல, முடிச்சும் இல்ல. நாசுவர் தண்ணி தெளிச்சு உச்சியில கத்திய வெச்சாரு. "மெதுவாண்ணே"ன்னா அவ. வலிக்குதோன்னு பாத்தா, "எங்க இந்திராணி புதுப் பொடவை கட்டியிருக்கா, தண்ணி பட்டுறப் போவுது"ங்கறா.

மண்டையிலருந்து நேரா வழிஞ்சு வந்து என் மடியில விழுந்துச்சு. முடிக்கு அவ்வளவு கனம் இருக்கும்னு எனக்குத் தெரியாது. வெதுவெதுன்னு இருந்துச்சு.

முந்தானையோட அள்ளிக்கிட்டு நான் மட்டும் ஆத்துக்கு எறங்குனேன். குனிஞ்சு தண்ணியில விடப் போறேன், என் சடை தோளைத் தாண்டி முன்னால விழுந்து அந்த முடி மேல கெடந்துச்சு. நல்ல வெயிலு. பாக்கறேன். அதே செம்பட்டை. நுனியில அதே வளைவு. ரெண்டையும் கையில எடுத்துப் பாக்கறேன், எது என் சடை, எது அவ முடின்னு எனக்கே புரியல. கல்யாணமான நாளா நான் தலையில வெச்சிக்கிட்டுத் திரிஞ்சது யாரு முடின்னு அந்தத் தண்ணியில நின்னுக்கிட்டுத்தான் எனக்குத் தெரிஞ்சுது.

அவ முடியை ஆத்துல விட்டுட்டு மேல வந்தேன். மொட்டைத் தலையில சந்தனத்தைப் பூசிக்கிட்டு அவ மரத்தடியில உக்காந்திருக்கா. என் சடையைத் தூக்கிக் காட்டி, "ஏங்க்கா, இது யாரு முடி?"ன்னு கேட்டேன்.

"அத்தைதான் சொன்னாங்க"ன்னா. "புதுப்பொண்ணுக்கு முடி கொட்டிக் கெடக்கு, கடையில வாங்கினா செத்தவ முடியோ சீக்காளி முடியோ, வீட்டு முடியாவே இருக்கட்டும்னாங்க. உன்கிட்ட சொல்ல வேணாம்னும் சொன்னாங்க. நீ ரோஷக்காரி, தெரிஞ்சா வெச்சிக்க மாட்டேன்னு."

"சரி, அத்தைதான் போய்ட்டாங்களே. அதுக்கப்புறமும்?"

"அதான் டின்னுல சேந்துக்கிட்டே இருந்துச்சே இந்திராணி."

சிரிச்சா. அதே சிரிப்பு.

அந்தச் சிரிப்பைத்தான்மா என்னால தாங்க முடியல. யோசிச்சுப் பாரு. இத்தனை வருஷம் நான் கல்யாண வீடு, கருமாதி வீடு எல்லாத்துலயும், "எவளோ ஒட்டு முடி வெச்சிக்கிட்டு மினுக்குறா"ன்னு அவ காதுல விழற மாதிரி பேசியிருக்கேன். அப்ப என் தலையில தொங்குனது அவ முடி. அதைப் பாத்துக்கிட்டேதான் அவ சிரிச்சிருக்கா. ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லியிருக்கலாம்ல? எதுக்குச் சொல்லாம வெச்சிருந்தா? ஒண்ணும் எதிர்பாக்காம யாராவது இப்படிப் பண்ணுவாங்களா, நீயே சொல்லு. எனக்கு இன்னும் அதுல சந்தேகம் தீரல. மாடியில என்னைக் கண்டா ஏன் முடிஞ்சிக்கிட்டான்னும் இப்ப யோசிக்கறேன். எனக்கு வயித்தெரிச்சலா இருக்குமேன்னு முடிஞ்சிருப்பாளோ? அப்படின்னா அது இன்னும் மோசம்.

நாளைக்கு நிச்சயம். மாப்பிள்ளையோட அம்மா தட்டுல பூ கொண்டு வருவாங்க, சபையில எல்லாரும் பாத்துக்கிட்டு இருப்பாங்க. அவளுக்கு இப்பத்தான் நகம் அளவுக்கு மொளைச்சிருக்கு. சவுரி மாட்டக் கூட நாலு வெரக்கடை முடி வேணும், பிடிப்புக்கு. வாரத்துக்கு ஒருக்கா போயி தடவிப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். பாசம்னு நெனச்சிக்காத. எனக்கு யாருகிட்டயும் ஒண்ணு வாங்கி வெச்சிக்கறது பிடிக்காது.

அதான் இந்தப் பை. என்கிட்ட இருந்த சவுரி அத்தனையும், தேய்ஞ்சது, புதுசு, பெட்டியில இருந்ததுன்னு சொன்னாளே அது, எல்லாத்தையும் சீயக்கா போட்டு அலசி, சாம்பிராணி காட்டி எடுத்துட்டுப் போயி, திருச்சியில விக் கட்டறவங்ககிட்ட குடுத்து வலையில வெச்சுத் தெச்சு வாங்கிட்டு வர்றேன். ரெண்டு நாளும் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். கண்ணை எடுக்கல. வேற எவ முடியையாவது கலந்துட்டாங்கன்னா?

என் தலையா? நாளைக்கு நாலு பேரு கேப்பாங்க, கேட்டுட்டுப் போறாங்க. பூ வெக்கறது பொண்ணோட அம்மாவுக்கு, சித்திக்கு இல்ல. காலையில தலைக்கு ஊத்திக்கிட்டேன்னு உன்கிட்ட சொன்னது பொய்தான். அதைப் பெருசா எடுத்துக்காத.

எப்படிக் குடுக்கறதுங்கறதுதான் இப்பப் பிரச்சனை. கடையில வாங்கினேன்னு சொன்னா தொட மாட்டா. உங்க முடிதான்க்கான்னு சொன்னா, "அப்ப உன் தலைக்கு?"ன்னு திருப்பிக் குடுத்துருவா. அவளை எனக்குத் தெரியாதா. அதனால ஒண்ணு யோசிச்சு வெச்சிருக்கேன். "அத்தை உங்களுக்குன்னு எடுத்து வெச்சிருந்தாங்கக்கா, பெட்டியில இருந்துச்சு"ன்னு சொல்லிக் குடுத்துடறேன்.

வாய்க்கா பாலம் வந்துருச்சு. நான் எறங்கணும், காலைக் கொஞ்சம் ஒதுக்கிக்க. பாத்தியா, கை தானாப் பின்னங்கழுத்துக்குப் போவுது. அங்கதான் ஒண்ணும் இல்லியே.

ஏம்மா, நீ மூணாவது மனுஷி. உண்மையைச் சொல்லு. நான் அப்படிச் சொன்னா நம்பற மாதிரி இருக்கா?